நம்பிக் கொடுத்த துட்டு: வக்கீலக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. சவுதியில் ஆறு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த துட்டில் வள்ளியூரில் ஒரு டீக்கடை பிராஞ்சைஸ் எடுத்தேன். கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து, "நாகர்கோவில் கிளையில் தினம் 18,000 ரூபாய் ஓடுகிறது" என்று லேப்டாப்பில் கணக்குக் காட்டினார். அந்தத் தாளை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். 7 லட்சம் கட்டினேன். எட்டு மாதத்தில் ஒரு நாள் கூட என் கல்லாவில் 4,000-க்கு மேல் விழவில்லை. போன மாதம் நாகர்கோவில் போய்ப் பார்த்தேன். நான் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கிளையை மூடிவிட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். ஒப்பந்தத்தில் "விற்பனைக்கோ லாபத்துக்கோ கம்பெனி உத்தரவாதம் தராது" என்று இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போதும் அவர்களிடம்தான் தேயிலைத் தூள் வாங்குகிறேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: முடியும் தம்பி. உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். "நான் பணம் கட்டுவதற்கு முன்பே மூடிவிட்டார்கள்" என்ற வரி அது. உங்கள் வழக்கின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. மற்ற மூன்றரைப் பக்கமும் உங்கள் வருத்தம். அது எனக்குப் புரிகிறது, ஆனால் கோர்ட்டில் அதற்கு எடை குறைவு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், "உங்கள் கடையில் தினம் 15,000 ஓடும்" என்று ஒருவர் சொன்னால் அது நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றிய பேச்சு. சந்தையில் மாடு விற்கிறவர் "இது பத்து லிட்டர் கறக்கும்" என்று புகழ்வது மாதிரி. பலிக்கவில்லை என்பதால் மட்டும் அது மோசடி ஆகிவிடாது. ஆனால் மூடிக் கிடக்கிற கடையைக் காட்டி "அங்கே இன்றைக்கு 18,000 ஓடுகிறது" என்பது நடப்பு உண்மையைப் பற்றிய பொய். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு மோசடி என்று சொல்வது இதைத்தான்: உண்மை இல்லை என்று தெரிந்தே ஒன்றை உண்மை போலச் சொல்லி, அடுத்தவரை ஒப்பந்தத்துக்குள் இழுப்பது. அப்படிச் சம்மதம் வாங்கிப் போட்ட ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம் என்கிறது 19-வது பிரிவு. நஷ்டஈடும் கேட்கலாம்.

எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "எங்கள் சேல்ஸ் ஆளுக்குக் கிளை மூடியது தெரியாது, நல்லெண்ணத்தில் பழைய தாளைக் காட்டிவிட்டார்" என்பார்கள். அப்படி வந்தால் அது 18-வது பிரிவு, அதாவது தெரியாமல் சொன்ன தவறான தகவல். அப்போதும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் அதில் ஒரு முள் இருக்கிறது. சாதாரண கவனத்தோடு விசாரித்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த உரிமை போய்விடும். "வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் என்ன அமெரிக்காவா? பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாமே?" என்று குறுக்கு விசாரணையில் உங்களைக் கேட்பார்கள். தெரிந்தே நேருக்கு நேர் சொன்ன பொய்க்கு இந்தச் சாக்கு எடுபடாது. அதனால் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்பதைக் காட்டுவதுதான் உங்கள் வேலை.

அதற்கு வழி இருக்கிறது. அந்தக் கிளைக்குத் தூளும் கப்பும் அனுப்பியது கம்பெனிதானே? அனுப்புவதை நிறுத்தியதும் அவர்களாகத்தான் இருக்கும். கடை மூடியது தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? நாகர்கோவிலில் அந்தக் கிளையை எடுத்து நடத்தியவர் யார் என்று தேடிப் பிடியுங்கள். உங்களைப் போலவே துட்டை விட்டவராக இருக்கலாம். கட்டட உரிமையாளரிடம் வாடகை ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிந்தது என்று கேளுங்கள். பத்து வக்கீல்கள் பேசுவதை விட அந்த ஒரு தேதி பேசும்.

உத்தரவாதம் இல்லை என்ற நிபந்தனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இனி வரப்போகும் லாபத்துக்குத்தான் அது வேலி. ஒப்பந்தத்துக்குள் நீங்கள் வந்ததே ஒரு பொய்யால் என்றால், எழுத்தில் இல்லாத அந்தப் பேச்சையும் சாட்சியமாகக் கொண்டுவர சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இப்போது உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. உண்மை தெரிந்து ஒரு மாதம் ஆகியும் அவர்களிடமே தூள் வாங்குகிறீர்கள். "எல்லாம் தெரிந்த பிறகும் ஒப்பந்தத்தை ஏற்றுத்தானே நடத்தினார்" என்று சொல்ல அவர்களுக்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். யார் வந்தார், எந்தத் தேதி, என்ன சொன்னார், அதை நம்பி எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று வரிசையாக அதில் இருக்கட்டும். அவர்கள் கொடுத்த மெஷினையும் போர்டையும் திருப்பித் தரத் தயார் என்றும் எழுதுங்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்கிறவர் தான் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்கள் கை சுத்தமாகத் தெரியும்.

பிராஞ்சைஸ் தகராறு என்பது 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வருகிறது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை என்றால், அவசரத் தடை உத்தரவு எதுவும் கேட்காத வழக்கில் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் போட்ட வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். மூன்று மாதம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். அந்தக் காலம், வழக்குப் போட உங்களுக்கு உள்ள மூன்று வருடக் காலவரம்பில் சேராது. சமரசம் என்றால் வீண் அலைச்சல் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணமே நூற்றுக்கு 3 ரூபாய், உங்கள் 7 லட்சத்துக்கு 21,000. சமரசத்தில் உட்காரும்போது நாகர்கோவில் வாடகை ஒப்பந்தத்தை மேசையில் வைத்துப் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் பேச்சு அங்கேயே மாறலாம்.

கடைசியாக, அந்த வாட்ஸ்அப் வந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்கு அந்த போன் தேவைப்படும்.

கேள்வி: மகளே, நான் எலுமிச்சை வியாபாரி. கேரளாவில் ஒரு மொத்த வியாபாரிக்கு மூன்று வருடமாகக் காய் அனுப்புகிறேன். இதுவரை ஒழுங்காகப் பணம் கொடுத்தவர், கடைசியாக அனுப்பிய 80 மூட்டைக்கு 2,40,000 ரூபாய் தரவில்லை. கொடுத்த செக்கும் பணம் இல்லை என்று திரும்பி வந்து இருபது நாள் ஆகிறது. போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கப் போனால், "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். ஏமாற்றினவனை விட்டுவிடுவதா?
– ஒரு வாசகர், புளியங்குடி

பதில்: அண்ணாச்சி, உங்கள் கடிதம் என் கையில் கிடைத்தபோது செக் திரும்பி 24 நாள் ஆகியிருந்தது. பத்திரிகையில் பதில் வரும் வரை காத்திருந்தால் கெடு தாண்டிவிடும் என்று அன்று சாயங்காலமே உங்களுக்குப் போன் செய்தேன். மறுநாளே நோட்டீஸ் அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செக் திரும்பியதாக வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவர் கையில் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போட வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸ் கெடுவைத் தவறவிட்டவர்கள், செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியவில்லை என்றால் இன்னொரு தடவை வங்கியில் போட்டுப் பார்க்கலாம்.

கேரளாவுக்கு அலைய வேண்டுமே என்று போனில் கவலைப்பட்டீர்கள். வேண்டாம். நீங்கள் எந்த வங்கிக் கிளையில் கணக்கு வைத்து அந்தச் செக்கைப் போட்டீர்களோ, அந்தக் கிளை இருக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் வழக்கு. 2015-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அவர்தான் மலை இறங்கி வர வேண்டும்.

போலீஸ் சொன்னது சரிதான் அண்ணாச்சி. உங்களுக்குக் கசக்கும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காதது எல்லாம் மோசடிக் குற்றம் ஆகாது. காயை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்றுதான் சட்டம் பார்க்கிறது. உச்ச நீதிமன்றம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் நாணயமாகக் கொடுத்தவர் ஒரு சீசனில் நொடித்துப் போயிருக்கலாம். அதே வாரத்தில் ஏழெட்டுப் பேரிடம் லோடு லோடாக வாங்கிவிட்டுக் கடையைக் காலி செய்திருந்தாலோ, எப்போதோ மூடிய கணக்கின் செக்கைக் கொடுத்திருந்தாலோ, ஜிஎஸ்டி நம்பரே பொய்யாக இருந்தாலோ கதை வேறு. அப்படி ஏதாவது தெரிய வந்தால் எழுதுங்கள். இல்லை என்றால் செக் வழக்கும், மூன்று வருடத்துக்குள் போட வேண்டிய பண வழக்கும்தான் உங்கள் வழி. நடக்காததை நடந்ததாக எழுதிப் புகார் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் நல்ல வழக்கையும் அது கெடுத்துவிடும்.

கேள்வி: அக்கா, பேப்பர் பிளேட் செய்யும் மெஷினை 1,95,000 ரூபாய்க்கு வாங்கினேன். நகையை அடகு வைத்த துட்டு. செய்கிற பிளேட் எல்லாவற்றையும் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவை தரம் சரியில்லை என்றார்கள். இப்போது போன் ஸ்விட்ச் ஆஃப். எங்கள் தெருவிலும் பக்கத்து ஊரிலும் என்னோடு சேர்த்து ஏழு பெண்கள் இப்படி. வாங்கி ஒரு வருடம் ஆகிறது. நகை அடகில் இருப்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கோர்ட், போலீஸ் என்றாலே பயமாக இருக்கிறது.
– ஒரு சகோதரி, சேரன்மகாதேவி

பதில்: தங்கச்சி, சட்டத்துக்கு முன்னால் ஒன்று. இன்றைக்கு ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வட்டி கட்டாத நகைக்கு ஏல நோட்டீஸ் வீட்டு முகவரிக்குத்தான் வரும். தபால்காரர் சொல்வதை விட நீங்கள் சொல்வது நல்லது.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. என் அப்பா பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1986-ல் சோப்பு ஏஜென்சி தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் 22,000 ரூபாய் கொடுத்தார். அச்சடித்த லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருந்தது. இரண்டே மாதத்தில் அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் நான்கு வருடம் வைத்திருந்தார். அம்மா கண்டுபிடித்து, வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏமாந்தது எப்போ தெரிஞ்சது?" மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் சிவில் வழக்குக்குக் காலவரம்பு. ஏமாற்றியவன் பறித்தது 22,000 ரூபாய். வழக்குப் போடும் உரிமையைப் பறித்தது அப்பாவின் வெட்கம். நான் கறுப்புக் கோட்டுப் போட்டதற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம்.

உங்களுக்கு நேரம் இருக்கிறது. இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யுங்கள்.

ஒன்று, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். "தொழிலுக்கு வாங்கினவர் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த் தரப்பு சொல்லும். 2019-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குப் பதில் வைத்திருக்கிறது: தன் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர்தான். ஆள் வைக்காமல் நீங்களே மெஷினில் உட்கார்ந்து பிளேட் போட்டீர்கள் என்பதைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள். விற்றவர் கோயம்புத்தூர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் இங்கே காலவரம்பு இரண்டு வருடம், அதில் ஒன்று போய்விட்டது.

இரண்டாவது, போலீஸ். இதில் நீங்கள் ஏழு பேர் என்பதுதான் பலம். ஒருவரிடம் "தரம் சரியில்லை" என்று சொன்னால் வியாபாரத் தகராறு. ஏழு பேரிடமும் இரண்டு தடவை எடுத்து, மூன்றாவது தடவை அதே வார்த்தையைச் சொல்லிக் கைகழுவினால், எடுத்துக்கொள்ளும் எண்ணமே முதலிலிருந்து இல்லை என்று தெரிகிறது. நிறைவேற்றும் எண்ணம் இல்லாமல் கொடுத்த வாக்குறுதியும் மோசடிதான். பழைய 420 இப்போது இல்லை. 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு, ஏழு வருடம் வரை தண்டனை. ஏழு பேரும் சேர்ந்தே போங்கள், ஆனால் ஆளுக்கொரு புகார், அவரவர் கையெழுத்தில். மெஷின் வாங்கிய பில், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, அந்த ஸ்டாம்ப் பேப்பர் மூன்றுக்கும் ஜெராக்ஸ் வையுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷன் வாசலைத் தாண்டாதீர்கள். வழக்குப் பதியவில்லை என்றால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் கொடுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போய் விசாரிக்க உத்தரவு கேட்கலாம்.

பயத்துக்கும் ஒரு மருந்து சொல்கிறேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது, தர்மம் இல்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலோ, பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்துக்கு நேரில் வந்தாலோ வக்கீல் வைத்துத் தருவார்கள்.

மெஷினை மட்டும் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். அது உங்கள் சாட்சி.

நம்ம பக்கத்தில் இந்த "நாங்களே திருப்பி எடுத்துக்கொள்வோம்" வியாபாரம் பல வேஷத்தில் வருகிறது. காளான், முயல், மூலிகை என்பார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கும். டெபாசிட் வாங்கி மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லும் திட்டம் என்றால் அதற்குத் தனியாக 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார், மதுரையில் தனி நீதிமன்றம், நிறுவனத்தின் சொத்தை முடக்கவும் வழி உண்டு. அப்படிப்பட்டவர்கள் சாதாரண மோசடிப் புகாரோடு நின்றுவிட வேண்டாம்.

கேள்வி: நானும் என் மச்சானும் பாதிப் பாதி போட்டு பிரியாணிக் கடை நடத்துகிறோம். கூட்டுப் பத்திரம் எழுதியிருக்கிறோம், பதிவு செய்யவில்லை. கடை கியூஆர் கோடு மச்சானின் சொந்தக் கணக்குக்குப் போவது இப்போதுதான் தெரிந்தது. மோசடி வழக்குப் போடலாமா? பத்திரத்தில் ஆர்பிட்ரேஷன் என்று ஒரு வரி இருக்கிறது.
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: அண்ணே, இதே மாதிரி ஒரு வழக்கு நம்ம திருநெல்வேலியிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இங்கே ஹோட்டல் நடத்திய ஒரு குடும்பத்துப் பங்காளிகள். ஒருவர் ஹோட்டல் கணக்கிலிருந்து தன் மகனுக்குச் செக் கொடுத்துவிட்டார், அது மோசடி என்று சண்டை. கணக்கு வழக்கைப் பற்றிய இப்படிப்பட்ட சாதாரண மோசடிக் குற்றச்சாட்டை ஆர்பிட்ரேட்டரே, அதாவது கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவரே, விசாரிக்கலாம் என்று 2016 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. கள்ளக் கையெழுத்து, போலிப் பத்திரம் என்று போகிற பெரிய மோசடிதான் கோர்ட்டுக்கு என்றது அந்தத் தீர்ப்பு. ஆகவே உங்கள் பத்திரத்தில் உள்ள அந்த ஒரு வரிதான் உங்கள் வாசல்.

பதிவு இல்லாத கூட்டில் ஒரு பங்குதாரர் இன்னொருவர் மேல் சாதாரணமாக வழக்குப் போட 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69-வது பிரிவு விடாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்பதற்கு அந்தத் தடை இல்லை. ஆர்பிட்ரேஷனுக்கும் தடை இல்லை. காலம் குறிப்பிடாத கூட்டு என்றால் எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தே கலைக்கலாம். நாளைக்கு வெள்ளென கடைக்குப் போய், கல்லாவில் ஒட்டியிருக்கும் அந்த கியூஆர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்து, யார் பெயர் வருகிறது என்பதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அதற்கு அப்புறம் போகட்டும். முதலில் நோட்டீஸ் போனால் ஸ்டிக்கர் மாறிவிடும்.

கடிதம் எழுதுபவர்களுக்கு: தயவுசெய்து ஜெராக்ஸ் மட்டும் அனுப்புங்கள். இந்த மாதம் திசையன்விளையிலிருந்து ஒரு அம்மா அசல் செக்கையே கவரில் வைத்து அனுப்பிவிட்டார். அம்மா, ஸ்பீடு போஸ்ட்டில் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் ஒரு போன் செய்யுங்கள். செக்கில் இருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம் முடிய இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது.